பின்னால் எஞ்சின், இரண்டு விதமான கியர்பாக்ஸ்: துவாரகாவில் பழைய நானோ வாங்கும் முன்

டெல்லி துவாரகாவில் பழைய டாடா நானோ தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொசைட்டியில் இரண்டாவது பெரிய காருக்கு இடம் கிடையாது, மெட்ரோ ஸ்டேஷனுக்கும் செக்டர் மார்க்கெட்டுக்கும் போய்வர ஒரு சின்ன வண்டி போதும், 4 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் விற்பவர் வாயைத் திறந்ததும் வருகிற முதல் வாக்கியம் "கியர் ஏக்தம் மக்கன் ஹை ஜி" (கியர் வெண்ணெய் போல) என்பதாக இருக்கும். எந்த கியர் என்று மட்டும் சொல்லமாட்டார்.

நானோவில் இரண்டு உண்டு. 2009-ல் வந்தது 4 கியர் மேனுவல். 2015 மே மாதம் ஜென்எக்ஸ் நானோ வந்தபோது அதோடு மாக்னெட்டி மரெல்லி தயாரித்த, கிளட்ச் பெடல் இல்லாத 5 கியர் ஏ.எம்.டி.யும் சேர்ந்தது. இரண்டுமே ட்ரான்ஸாக்ஸில்தான். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே டப்பாவுக்குள், எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு பின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பின் சக்கரங்களைச் சுற்றுகின்றன. போர்ஷே 914, லோட்டஸ் யூரோப்பா, ஃபியட் எக்ஸ்1/9 போன்ற பழைய மிட்-எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்களும் இந்த வழியில்தான் போயின. எஞ்சினை டிரைவரின் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் கியர் லீவர் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். நடுவில் ஒரு நீண்ட கம்பியோ கேபிளோ ஓடியாக வேண்டும். தொல்லை அங்கேதான் ஆரம்பம். போர்ஷே 914-ல் 1972 வரை அந்தக் கம்பி கியர்பாக்ஸின் வால்வரை போய் இணைந்தது, லீவர் குழைந்தது. 1973 மாடலில் இணைப்பைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் அந்தக் காரை வாங்குகிறவர் விலைக்கு முன் கேட்பது 'வாலா, பக்கவாட்டா' என்றுதான். நானோ வாங்கும் நீங்களும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது கால் நன்றாக இருக்கிறது, கிளட்ச் மிதித்துப் பழக்கம் உண்டு என்றால் 4 கியர் மேனுவலை எடுங்கள். முட்டிவலி இருக்கிறது, அல்லது வீட்டில் ஓட்டப் போகிறவர் ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே கற்றவர் என்றால் ஏ.எம்.டி. எடுங்கள். ஆனால் சர்வீஸ் பில் இல்லாத ஏ.எம்.டி.யைத் தொடாதீர்கள். நானோ 2018-ல் நின்றுபோன வண்டி. கேபிளும் கிளட்ச் பிளேட்டும் தேடினால் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் மாட்டிவிடுவார். ஏ.எம்.டி.யில் கிளட்ச்சையும் கியரையும் நகர்த்தும் ஆக்சுவேட்டர் கெட்டுப்போனால் பாகத்தையும் தேட வேண்டும், அதைத் தெரிந்த ஆளையும் தேட வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. சாவிக்கு முன் ஆர்.சி.யைக் கேளுங்கள்.
டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஒரு தலைவலி. பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 அன்று வயதான வண்டிகளுக்கு பங்க்கில் பெட்ரோல் கிடையாது என்று ஆரம்பித்து, சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் 12-ல், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர் மேல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை, புகை விதியில் பி.எஸ்.4-க்கும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் மட்டும் என்று சுருக்கியது. 2009, 2010 நானோக்களுக்கு 15 வருடம் முடிந்துவிட்டது. அவற்றில் பி.எஸ்.3 ஆக இருப்பது சல்லிவிலைக்கு வந்தாலும் வேண்டாம்.

2. ஆர்.சி.யில் 'எமிஷன் நார்ம்ஸ்' என்ற வரியைப் பாருங்கள்.
டெல்லியில் பி.எஸ்.4 கட்டாயமானது 2010 ஏப்ரலில். விற்பவர் வாயால் சொல்வது கணக்கில்லை, எம்-பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் உங்கள் போனிலேயே தெரியும். குளிர்காலத்தில் காற்று மோசமாகி, மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டமான கிராப்பின் மூன்றாம் நிலை வந்தால் பி.எஸ்.3 பெட்ரோல் கார்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

3. வேரியன்ட் எழுத்துகளைப் படியுங்கள்.
ஜென்எக்ஸில் ஏ.எம்.டி. இருப்பது எக்ஸ்.எம்.ஏ., எக்ஸ்.டி.ஏ. என்ற இரண்டில் மட்டும். மற்றதெல்லாம் 4 கியர் மேனுவல். 'ஆட்டோமேட்டிக் நானோ, 2013 மாடல்' என்று விளம்பரம் கண்டால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள், அப்படி ஒன்று வரவே இல்லை. 2013-ல் வந்த சி.என்.ஜி. நானோவும் மேனுவல்தான். அதை எடுப்பதானால் சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் நடந்த சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

4. சேஸிஸ் நம்பரை வண்டியில் நேரில் பாருங்கள், ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.
சின்ன வண்டிதானே என்று இதை விடுகிறவர்கள் பலர். பெரிய வண்டிகளிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். நம் நாட்டு மிட்-எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார் என்று 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்டது டி.சி. அவந்தி. ரெனோவின் 2 லிட்டர் டர்போ எஞ்சின், 6 கியர் மேனுவல். 2020 டிசம்பரில் அந்த நிறுவனத்தை நடத்தியவரை மும்பை போலீஸ் கைது செய்தது. ஒரே சேஸிஸ் நம்பரில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு நடந்தது என்பது போலீஸ் வைத்த குற்றச்சாட்டு. வழக்கு எப்படியோ போகட்டும், நம்பர் பார்க்க உங்களுக்கு இரண்டு நிமிஷம்தான்.

5. காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே போய் நில்லுங்கள்.
'நீங்கள் வருவதற்குள் வெளியே எடுத்து நிறுத்திவைக்கிறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடான கியர் ஆயில் பாதிக் குறையை மறைத்துவிடும். சில்லென்ற கியர்பாக்ஸில் 1-லிருந்து 2-க்கு மாற்றும்போது கரகரவென்றால், கியர்களை உரசாமல் சேர்க்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது.

6. மேனுவலில், வண்டி நிற்கும்போது லீவரை நியூட்ரலில் வைத்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள்.
கொஞ்சம் ஆட்டம் இருப்பது சகஜம், கேபிள் வண்டி முழுவதும் ஓடுகிறது. ஆனால் லீவர் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் விழுந்து கிடந்தால் கேபிளோ அதன் புஷ்ஷோ போயிருக்கிறது. இதைக் கெட்ட சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கியர்பாக்ஸ் போச்சு என்று பயந்து பலர் விட்டுப்போகும் வண்டி, கேபிள் மாற்றினால் சரியாகிவிடுவது உண்டு. பேரம் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

7. ரிவர்ஸ் போடும் முன் கிளட்ச்சை முழுக்க மிதித்து மூன்று வரை எண்ணுங்கள்.
நானோ மேனுவலில் முன் கியர்களுக்குத்தான் சின்க்ரோ, ரிவர்ஸுக்கு இல்லை. அவசரமாகப் போட்டால் நல்ல வண்டியும் அலறும். எண்ணிப் போட்டும் அலறினால் கிளட்ச் முழுக்க விடுபடவில்லை. முதலில் கிளட்ச் கேபிளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அதற்கப்புறம் பிளேட்.

8. கடைசி கியரில் மெதுவாக ஓட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள்.
மணிக்கு 35 கி.மீ. வேகம், நான்காவது கியர், காலியான ரோடு. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி அங்கேயே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் வேகமும் சேர்ந்து சோம்பலாக ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. 624 சி.சி., இரண்டு சிலிண்டர், அதனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

9. இரண்டாவது, மூன்றாவது கியரில் வேகம் பிடித்துவிட்டுக் காலை சட்டென்று எடுங்கள்.
லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் நின்றுவிடுங்கள். ஷிஃப்ட் ஃபோர்க்கோ கியர் பல்லோ தேய்ந்திருக்கலாம். எஞ்சின் மவுண்ட் தொய்ந்துபோனாலும் இப்படி ஆகும், ஏனென்றால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடும்போது கேபிளை இழுத்துவிடும். மவுண்ட்டா, உள் பழுதா என்று உங்களுடைய மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும், விற்பவருடைய மெக்கானிக் அல்ல.

10. ரேடியோவை அணைத்துவிட்டு சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்.
நியூட்ரலில் நிற்கும்போது உறுமல் கேட்டு, கிளட்ச் மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். கிளட்ச் மிதித்தால்தான் கீச்சென்று ஆரம்பிக்கிறதா? ரிலீஸ் பேரிங். வண்டி வேகத்தோடு ஊளை ஏறி, எந்த கியரில் போட்டாலும் மாறாமல் இருந்தால் டிஃபரன்ஷியல் பக்கமோ சக்கர பேரிங்கோ. ரிலீஸ் பேரிங்கை கிளட்ச் வேலையோடு சேர்த்து முடித்துவிடலாம். சக்கர பேரிங் தவிர மற்றதற்கெல்லாம் டப்பாவைப் பிரிக்க வேண்டிவரலாம். துவாரகாவின் அகலமான ரோடுகளில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு இந்தச் சோதனைகளை நிம்மதியாகச் செய்யலாம்.

11. ஏ.எம்.டி.யில், டிரைவர் கதவைத் திறக்கும்போதும் சாவியைத் திருப்பும்போதும் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள்.
பின்னாலிருந்து ஒரு சின்ன பம்ப் ஓடி நிற்கும் சத்தம் வரும். கிளட்ச்சையும் கியரையும் உங்களுக்காக அழுத்துகிற ஹைட்ராலிக் பம்ப் அது. ஒரு முறை ஓடி நின்றால் சரி. வண்டி சும்மா நிற்கும்போதே நிமிஷத்துக்கு நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தால் அழுத்தம் எங்கோ கசிகிறது. விற்பவர் 'இது இப்படித்தான் ஜி' என்பார். இப்படி இருக்காது.

12. ஏ.எம்.டி.யின் தலையாட்டலையும் நடுக்கத்தையும் வேறுபடுத்திப் பாருங்கள்.
கியர் மாறும்போது ஒரு நொடி இழுவை விட்டு, உங்கள் தலை லேசாக முன்னால் போய்வரும். அது பழுதில்லை. ஏ.எம்.டி. என்பதே மேனுவல் கியர்பாக்ஸ்தான், கால் மட்டும் மெஷினுடையது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் அதுவும் அடங்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி கடகடவென்று நடுங்கினால் மட்டும் கிளட்ச் பிளேட் முடிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவல் மோடில் போட்டு கூட்டல், கழித்தல் பக்கம் லீவரைத் தட்டி ஐந்து கியரும் ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

13. பேஸ்மென்ட் ரேம்ப்பில் ஒருமுறை முன்னாலும், ஒருமுறை ரிவர்ஸிலும் ஏற்றிப் பாருங்கள்.
சமதரையில் எல்லா கிளட்ச்சும் நல்ல கிளட்ச்தான். ரேம்ப்பின் பாதியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, அங்கிருந்து கிளப்புங்கள். எரிந்த வாடை வந்தால் வண்டியைக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.

14. லிஃப்டில் ஏற்றி, பின் சக்கரங்களின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.
ரிம்மின் உள்விளிம்பில் கறுப்பு கிரீஸ் சுழன்று தெறித்த கோடு இருந்தால் டிரைவ்ஷாஃப்ட் பூட் கிழிந்திருக்கிறது. ரப்பர் பூட் மலிவு. கிழிந்தபடியே மண்ணில் ஓட்டியிருந்தால் ஜாயின்ட் போயிருக்கும், அதற்குத்தான் செலவு. டிரைவ்ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழைகிற இடத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே சீல் கசிந்தால் ஆயில் குறைந்து, கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் தேயும். டப்பா அடியில் ஈரமே இல்லாமல் அன்றைக்குத்தான் கழுவியது போல மின்னினால் இன்னும் சந்தேகப்படுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

15. கியர் ஆயிலைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள்.
தேன் நிறமோ கறுத்த பழுப்போ இருக்கலாம், கவலை இல்லை. வெளுத்துக் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. டிரெயின் பிளக்கில் மாவுபோல மெல்லிய இரும்புத்தூள் இருப்பது வயதுக்கு ஏற்றதுதான். விரலில் குத்துகிற துணுக்கு கிடைத்தால் அது கியர் பல், பேச்சை அங்கேயே முடியுங்கள். 2024 ஜூன் 28 அன்று சஃப்தர்ஜங்கில் 24 மணி நேரத்தில் 228 மி.மீ. கொட்டியதே, அந்த மாதிரி நாட்களில் சப்வேயில் நின்ற வண்டிகளை எல்லாம் இப்போது துடைத்துத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

16. பின் சீட்டை மடித்து, எஞ்சின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்.
ஜென்எக்ஸுக்கு முந்தைய நானோக்களில் பெரும்பாலும் டிக்கி கதவே திறக்காது, உள்ளிருந்துதான் எஞ்சினைப் பார்க்க வேண்டும். சோம்பலில் இதை விடுகிறவர்கள் ஆயில் கசிவு, அறுந்து ஒட்டுப்போட்ட ஒயர், எலி கடித்த ஹோஸ் எல்லாவற்றையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறார்கள்.

17. ஏ.எம்.டி.யாக இருந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் நகராதீர்கள்.
கிளட்ச் பிளேட் மாற்றினால் அதன் புது நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும், அதற்கு ஸ்கேனர் தேவை. 'பிளேட் போன மாசம்தான் மாற்றினேன்' என்று சொல்லி, பில்லும் காட்டாமல், வண்டியும் நடுங்கினால், பிளேட் மாற்றியவரிடம் ஸ்கேனர் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

18. வாங்கியதும் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள்.
வண்டியோடு வந்த கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதையே. பழைய உரிமையாளர் எஞ்சின் ஆயிலை மாற்றியிருப்பார், பின்னால் இன்னொரு ஆயில் இருப்பதே பலருக்கு நினைவிருக்காது.

செய்யக்கூடாதவை

1. 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரு வார்த்தைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.
புதிதாக வந்தபோது ஏ.எம்.டி.யின் மவுசு வேறு. டெல்லி ஷோரூம் விலையில் ஜென்எக்ஸ் 1.99 லட்சத்தில் தொடங்கியது, மேல்நிலை எக்ஸ்.டி.ஏ. 2.89 லட்சம். இன்றைக்கு அந்த வித்தியாசத்தை விற்பவர் அப்படியே கேட்பார். பழைய வண்டியில் ஏ.எம்.டி. வசதி மட்டும் அல்ல, செலவு வைக்கக்கூடிய கூடுதல் பாகமும்கூட.

2. மேனுவலில் ஏ.எம்.டி.யையோ, ஏ.எம்.டி.யில் மேனுவலையோ மாட்டலாம் என்று நம்பாதீர்கள்.
பழைய பாகச் சந்தையான மாயாபுரியில் எந்த டப்பாவும் கிடைக்கும், 'ஃபிட் ஹோ ஜாயேகா' (பொருந்திவிடும்) என்ற உறுதிமொழியும் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று 4 கியர், இன்னொன்று 5 கியர். பெடல், லீவர், ஒயரிங், கம்ப்யூட்டர் எல்லாமே வேறு. ஆக்சுவேட்டர் கெட்ட ஏ.எம்.டி.யை மலிவாக வாங்கி மேனுவலாக மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களின் வண்டிகள் டெல்லியின் பல சந்துகளில் தூசி படிந்து நிற்கின்றன.

3. பழைய டப்பாவை ஜோடி பார்க்காமல் வாங்காதீர்கள்.
மேனுவலுக்கு மாயாபுரி டப்பா நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த வருடத்து வண்டியிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள். இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி எல்லா கியரும் விழுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் எழுதிய ரசீது வாங்குங்கள். காஷ்மீரி கேட்டில் புது கிளட்ச் செட் வாங்கினால் டப்பாவின் ஹோலோகிராமையும் விலையையும் பாருங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் 'ஒரிஜினல்' ஒரிஜினல் அல்ல.

4. ஏ.எம்.டி.யை மேட்டில் ஆக்சிலேட்டரால் பிடித்து நிறுத்தாதீர்கள்.
பாலம் ஃப்ளைஓவர் ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் பிரேக் அல்லது ஹேண்ட்பிரேக். ஆக்சிலேட்டரைத் தொட்டுக்கொண்டே நின்றால் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து வெந்துகொண்டிருக்கும். டார்க் கன்வெர்ட்டர் வைத்த பெரிய ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் ஏ.எம்.டி.யைக் கொல்கிறார்கள். நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்குப் போடுங்கள். பிரேக்கை விட்டால் ஊர்ந்து போகும் வசதி இருப்பது உண்மை, அதையே நம்பி துவாரகா மோட் நெரிசல் முழுவதையும் ஊர்ந்தே கடக்காதீர்கள்.

5. மேனுவலில் கிளட்ச் பெடல் மேல் காலை ஓய்வாக வைக்காதீர்கள்.
பாத எடை மட்டுமே ரிலீஸ் பேரிங்கை நாள் முழுக்க சுற்றவைக்கப் போதும். லீவர் மேல் கையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டுவதும் அப்படித்தான், உள்ளே ஃபோர்க் தேயும்.

6. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள், ஏ.எம்.டி.யாக இருந்தால்.
பேட்டரி செத்தால் பம்ப்பும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. எவ்வளவு தள்ளினாலும் மூச்சுதான் வாங்கும். ஜனவரி பனிக்கு முன்னால் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

7. முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துப்போக விடாதீர்கள்.
டெல்லியில் கிரேன்காரர்கள் முன்சக்கரத்தைத் தூக்கியே பழகியவர்கள். அவர்கள் பார்ப்பதெல்லாம் முன்சக்கரம் இழுக்கும் கார்கள். நானோவில் இழுக்கிற சக்கரம் பின்னால். முன்னால் தூக்கி, பின் சக்கரத்தை ரோட்டில் உருட்டினால் ட்ரான்ஸாக்ஸில் முழுக்கச் சேர்ந்து சுற்றும். ஏ.எம்.டி. ஏதாவது கியரில் மாட்டியிருந்தால் கதை முடிந்தது. ஃப்ளாட்பெட் கேளுங்கள், இல்லையென்றால் பின்பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸில் ரோட்சைட் உதவி இருந்தால் போன் செய்யும்போதே 'பின் எஞ்சின் வண்டி' என்று சொல்லிவிடுங்கள்.

8. ஆக்சுவேட்டர் ஆயில் சட்டியில் கையில் கிடைத்த ஆயிலை ஊற்றாதீர்கள்.
ஏ.எம்.டி.யில் இரண்டு ஆயில். கியருக்கு ஒன்று, கியரை நகர்த்தும் ஹைட்ராலிக்குக்கு ஒன்று. பிரேக் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் உள்ளே சீல் ஊறிப்போகும். ரோட்டோர மெக்கானிக் நல்ல மனதோடு செய்கிற தவறு இது. அதனால்தான் இன்னும் ஆபத்து.

9. பார்க்கிங்கில் நியூட்ரலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.
ஏ.எம்.டி. லீவரில் 'பி' கிடையாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் வைத்து எஞ்சினை அணையுங்கள். சொசைட்டி ரேம்ப்பில் தானாக உருண்ட வண்டிக்குக் காவலாளி பொறுப்பில்லை.

10. ஐந்தாவது கியர் இருக்கிறதே என்று துவாரகா எக்ஸ்பிரஸ்வேயில் விரட்டாதீர்கள்.
ஐந்தாவது கியர் எஞ்சின் இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நானோவின் உச்ச வேகமே மணிக்கு 105 கி.மீ. ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். 2014-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு குர்கான் போகிற வண்டி இதுவல்ல. செக்டருக்குள் ஓடட்டும்.

11. ஹரியானா, உ.பி. நம்பர் மலிவு என்று பாயாதீர்கள்.
வயது விதி என்.சி.ஆர். முழுக்க உண்டு, குர்கான் நம்பர் வாங்கித் தப்பிக்க முடியாது. என்.ஓ.சி., ரோடு டாக்ஸ், நம்பர் மாற்றம் எல்லாம் சேர்த்தால் மலிவு காணாமல் போகும். லோன் பாக்கி இருந்தால் அது வேறு. ஆர்.சி.யில் பேங்க் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

12. நிஜமான பழைய மிட்-எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரை 'தினமும் ஓட்டலாம்' என்று யாராவது சொன்னால் டோக்கன் கொடுக்காதீர்கள்.
2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 'வி.ஏ.' என்று தனி நம்பர் வரிசை, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, ஆராய்ச்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் போய்வருவது, இவ்வளவுக்குத்தான் ரோட்டில் இறங்கலாம். ஆபீஸ் போக முடியாது. கியர்பாக்ஸை வேறு மாடலுக்கு மாற்றியிருந்தால் பெரிய மாற்றம் என்ற கேள்வியும் எழும். அதனால் அங்கேயும் எந்த டப்பா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

13. லிஃப்டில் பார்க்கும் முன் டோக்கன் போடாதீர்கள்.
'இன்னொரு பார்ட்டி மாலையில் வருகிறார்' என்பது கரோல் பாகில் இருந்து துவாரகா வரை எல்லாக் கடையிலும் சொல்வதுதான். வரட்டும். பார்த்து முடித்து, குறை எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கேபிள், பூட், மவுண்ட், ஆயில் என்றால் அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள். ஆக்சுவேட்டர், சின்க்ரோ, தண்ணீர் புகுந்த டப்பா என்றால் கழிக்க வேண்டாம், வண்டியையே விட்டுவிடுங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் கொடுங்கள், ஃபார்ம் 29-லும் 30-லும் விற்பவர் கையெழுத்து உங்கள் கண்முன் விழட்டும்.